உன் அம்மா படிக்க ஆரம்பித்த பிறகு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசுகிறவர் இப்போது எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று உனக்குத் தோன்றும். நம் வீடு இரண்டே அறை. எந்த மூலையில் நின்று பேசினாலும் உன் அம்மா காதில் விழும். வாசலில் நின்று பேசினால் குடியிருப்பு முழுக்கக் கேட்கும். சுவருக்கும் காது உண்டு என்பார்கள். கம்பெனி கட்டிக்கொடுத்த சுவருக்கு நாலு காது. அதனால் நான் ஓட்டும் மேனேஜர் காரில் உட்கார்ந்து, ஸ்டியரிங்மேல் ஓர் அட்டையை வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அதுதான் காரணம். கை நடுங்குகிறது என்று நினைத்துக்கொள்ளாதே.

இங்கே இருவரும் நடமாட்டமாக இருக்கிறோம். அம்மாவின் இருமல் குறைந்துவிட்டது. படி ஏறினால் மட்டும் கொஞ்சம் மூச்சு இளைக்கிறது. உள்ளங்கைப் புண் ஆறிப் புதுத்தோல் வந்துவிட்டது. தையல் மெஷினில் உட்கார இன்னும் சில வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னார். உன்னிடம் போனில் சூடு பட்டுவிட்டது என்று மட்டும் சொன்னோம். எப்படிப் பட்டது என்று நீ கேட்டபோது நான் பேச்சை மாற்றிவிட்டேன். இப்போது சொல்லாமல் முடியாது.

மெத்தைக் கம்பெனி எப்படி இருக்கும் என்று உனக்கே தெரியும். எங்கே திரும்பினாலும் ஃபோமும் துணியும் பசையும்தான். பசை வைத்திருந்த அறையில்தான் முதலில் தீப்பிடித்தது. ஃபோம் எரிந்தால் தீயைவிடப் புகைதான் எமன். தையல் பிரிவுப் பெண்கள் முன்வாசல் வழியாக ஓடிவந்துவிட்டார்கள். பின்பக்கக் கிடங்குக்குத் துணி எடுக்கப் போயிருந்த இரண்டு பேரால் வர முடியவில்லை. ஒருத்தி உனக்கும் தெரிந்தவள்தான், ஒல்லி. அம்மாவுக்குப் பக்கத்து மெஷின். இன்னொருத்தி புதிதாகச் சேர்ந்த பெண். எல்லாரும் அவளைப் 'புதுசு' என்றே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். போன பிறகுதான் பலருக்கு அவள் பெயரே தெரிந்தது.

வெளியே வந்த அம்மா ஒல்லியைக் காணோம் என்றதும் கட்டடத்தைச் சுற்றிப் பின்பக்கம் ஓடியிருக்கிறாள். பின்கதவில் வெளியே பூட்டு தொங்கியிருக்கிறது. துணி திருட்டுப் போகிறது என்று கொஞ்ச நாளாகவே அதை அப்படித்தான் பூட்டிவைத்திருந்தார்கள். இரும்புக் கதவு. உள்ளேயிருந்து தட்டும் சத்தம். அம்மா அந்தப் பழுக்கக் காய்ந்த தாழ்ப்பாளைப் பிடித்து இழுத்திருக்கிறாள். கை வெந்தது அப்படித்தான். யாரோ சாவி கொண்டு வருவதற்குள் சத்தம் நின்றுவிட்டது.

இதை அவள் என்னிடம் ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசாமலே விட்டுவிடலாம் என்றுதான் நான் இருந்தேன்.

இப்போது விசாரணை வருகிறது. அரசாங்கத்திலிருந்து ஓர் அதிகாரி வந்து எல்லாரையும் ஒவ்வொருவராகக் கேட்பாராம். மேனேஜர் எங்களையெல்லாம் கூட்டி வைத்துப் பேசினார். பின்கதவு திறந்துதான் இருந்தது, பதற்றத்தில் அவர்கள் இரண்டு பேருக்கும் வழி தெரியாமல் போய்விட்டது, இதைத்தான் எல்லாரும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் கம்பெனியை மூடுவார்கள், எல்லார் வீட்டு அடுப்பும் அணையும் என்றார். மிரட்டவில்லை. வீட்டுப் பெரியவர் புத்தி சொல்கிற மாதிரிதான் சொன்னார். எல்லாரும் தலையாட்டினார்கள். ஓரமாக நின்ற நானும் ஆட்டினேன். உன் அம்மா மட்டும் கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு, "நான் பூட்டைப் பாத்தேனே சார்," என்றாள். சண்டைக்காரி குரல் இல்லை. வழி கேட்கிற குரல். மேனேஜர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை இன்னும் என் முதுகில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

மகளே, இதற்கெல்லாம் காரணம் கட்டிலுக்கு அடியில் நீ விட்டுப்போன புத்தகப் பெட்டிதான். கோபமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று உனக்குத் தெரியாதா? வாயில்லாப் பூச்சி. தையல்காரியாக இருந்துகொண்டு, தனக்கு வேறொருத்தி தைத்துக் கொடுத்த சட்டை இறுக்கமாக இருக்கிறது என்று சொல்லப் பயந்து வருஷக்கணக்கில் மூச்சைப் பிடித்துக்கொண்டு போட்டவள். படிப்பும் அஞ்சாம் வகுப்போடு சரி. நீ போன பிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது என்று அந்தப் பெட்டியைத் திறந்தாள். முதலில் எழுத்துக்கூட்டி, விரல் வைத்து, கிசுகிசுவென்று படித்தாள். எலி எதையோ கொறிக்கிறது என்று நான்கூடக் கேலி செய்தேன். போகப்போக விரல் போயிற்று, சத்தமும் போயிற்று. அடுப்பில் எதையோ வைத்துவிட்டு அடிப்பிடிக்க விடுவாள். கருகியதைச் சாப்பிட்டுக்கொண்டே அந்தக் கதையையும் நான் கேட்க வேண்டும்.

பிறகு புத்தகத்தைக் கம்பெனிக்கே எடுத்துப்போனாள். சாப்பாட்டு வேளையில் பெண்களெல்லாம் சுற்றி உட்கார, இவள் படித்துக் காட்டுவாளாம். சீரியல் பார்ப்பதைக்கூட விட்டுவிட்டோம் என்று ஒல்லி ஒருநாள் என்னிடமே சொன்னாள்.

ஒருநாள் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், என்ன படித்தாளோ, புத்தகத்தை மூடிவிட்டு என்னிடம் கேட்டாள்: "சின்ன வயசுல உங்க அப்பா உங்களை அடிக்கும்போது நீங்க மனசுக்குள்ள என்ன நெனச்சுக்குவீங்க?" இத்தனை வருஷத்தில் என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. வெளியே போய், ஏற்கெனவே துடைத்த காரை மறுபடியும் துடைத்தேன். அன்றைக்கே எனக்கு லேசாகப் பயம் வந்துவிட்டது. இவள் பழைய ஆள் இல்லை என்று தெரிந்துவிட்டது.

நான் சொன்னால் அவள் கேட்க மாட்டாள். நீ சொன்னால் கேட்பாள். எனக்குப் பயமாக இருக்கிறது அம்மா, நமக்கு எதற்கு வம்பு, எல்லாரும் சொல்வதையே நீயும் சொல்லிவிட்டு வா என்று அவளுக்கு நாலு வரி எழுது. நான் சொல்லி எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. நேரத்துக்குச் சாப்பிடு.

உன் நன்மையைத் தவிர வேறு நினைப்பில்லாத,
அப்பா


அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அம்மாவுக்கு எழுது என்றால் எனக்கு எழுதியிருக்கிறாய். அதிலும் ஒரு கேள்வி. 'அப்பா, உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' அவளும் இதே மாதிரிதான் கேட்கிறாள். தாயும் மகளும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்தீர்கள் போலிருக்கிறது. எனக்கு என்ன தோன்றினால் என்ன? எனக்குப் பயம்தான் தோன்றுகிறது. காலையில் எழுந்ததும் முதலில் அதுதான் எழுந்து உட்கார்கிறது, அதற்குப் பிறகுதான் நான்.

இங்கே நிலைமை முன்னைப்போல் இல்லை. குடியிருப்பில் யாரும் அம்மாவோடு பேசுவதில்லை. குழாயடியில் இவள் போய் நின்றால் மற்றவர்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். கொடியில் காயப்போட்ட துணி மண்ணில் கிடந்தது. காற்றாக இருக்கும் என்று அம்மா சொன்னாள். காற்று நம் துணியை மட்டும் பார்த்துத் தள்ளுமா? எதிர்ச்சாரியில் ஒருவன் பைக்கை நிறுத்திவிட்டு நம் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறான். போய்க் கேட்டால் நண்பனுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னான். அவன் நண்பன் இதுவரை வரவில்லை.

தையல் பிரிவில் எல்லாருக்கும் மூத்தவள் பெரியக்கா. அவள் மட்டும் ஒருநாள் வீட்டுக்கு வந்தாள். இவள் கையைத் தடவிப் பார்த்துவிட்டு, படிச்சுப் படிச்சு நீ புத்தி கெட்டுப் போயிட்ட என்று அழுதுகொண்டே சொன்னாள். தானும் பூட்டைப் பார்த்ததாகவும், ஆனால் கண்ணை வீட்டில் கழற்றி வைத்துவிட்டுத்தான் விசாரணைக்குப் போகப்போவதாகவும் சொன்னாள். அம்மா அவளைக் கோபித்துக்கொள்ளவில்லை. சாப்பிட வைத்து அனுப்பினாள்.

நான் ஒரு காரியம் செய்தேன். புத்தகம் இருப்பதால்தானே இவ்வளவும் என்று, அவள் ஆஸ்பத்திரிக்குக் கையைக் காட்டப் போன நேரத்தில், பெட்டியோடு தூக்கிக் காரின் டிக்கியில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்று நினைப்பு. அவள் வந்து கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் கத்தியிருப்பேன், மனசு லேசாகியிருக்கும்.

கடைக்குப் போக நேரம் அமையவில்லை. மேனேஜர் ஏதாவது அலுவலகத்துக்குள் போனால் வருவதற்கு வெகுநேரம் ஆகும். மற்ற டிரைவர்கள் முன்னெல்லாம் சேர்ந்து அரட்டை அடிப்பார்கள், இப்போது என்னைக் கண்டால் அவர்களுக்கு ஆயிரம் வேலை வந்துவிடுகிறது. சும்மா உட்கார்ந்திருந்தால் பயம் வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொள்கிறது. அதைத் துரத்தலாம் என்று டிக்கியைத் திறந்து மேலே இருந்த புத்தகத்தை எடுத்தேன். படகோட்டியின் மனைவி ஒருத்தி, புருஷன் படுத்த படுக்கையான பிறகு தானே துடுப்பைப் பிடிக்கிற கதை. எனக்கு வேகமாகப் படிக்க வராது. ஆனாலும் வெள்ளம் வருகிற இடத்தில் ஆற்றின் இரைச்சல் காரின் கண்ணாடிக்கு வெளியே கேட்கிற மாதிரி இருந்தது. மேனேஜர் வந்து கதவருகே நின்றதுகூடத் தெரியவில்லை.

"என்ன டிரைவர், நீயும் ஆரம்பிச்சிட்டியா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் புத்தகத்தைச் சீட்டுக்கு அடியில் தள்ளினேன். திருடும்போது பிடிபட்டவன் மாதிரி காது சுட்டது.

வண்டி கொஞ்ச தூரம் போன பிறகு உன்னைப் பற்றி விசாரித்தார். என்ன படிக்கிறாள், எந்த விடுதி, நூலகத்தில் இருந்து அறைக்குப் போக எவ்வளவு தூரம் என்றெல்லாம் கேட்டார். நீ சாயங்காலம் நூலகம் போவது அவருக்கு எப்படித் தெரியும்? நான் சொல்லவில்லை. அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, "பொம்பளைப் பிள்ளை, தூரத்துல தனியா இருக்கு. பெத்தவங்கதான் பாத்து நடந்துக்கணும்," என்றார். அவ்வளவுதான். பிறகு பாட்டு வைக்கச் சொன்னார்.

எப்படி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினேன் என்று எனக்கே தெரியாது. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, "சரி. கதவு திறந்திருந்ததுன்னே சொல்லிடறேன்," என்றாள்.

நான் கேட்டது கிடைத்துவிட்டது. நிம்மதியாக இருக்க வேண்டும் அல்லவா? சொல்கிறேன் கேள். அன்றிலிருந்து அவள் பழையபடி ஆகிவிட்டாள். எதைக் கேட்டாலும் சரி என்கிறாள். குழாயடியில் யாராவது முகத்தைத் திருப்பினால் தானும் தலையைக் குனிந்துகொள்கிறாள். கதை சொல்வதில்லை, கேள்வி கேட்பதில்லை, எதையும் கருக விடுவதில்லை. சாப்பாடு பதமாக இருக்கிறது, தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது. இரண்டு வருஷமாக ஒரு புது மனுஷி என்னோடு வாழ்ந்திருக்கிறாள், அவளை நான் கையோடு கூட்டிக்கொண்டுபோய்ப் பேப்பர் கடையில் போட்டுவிட்டேன் என்று தோன்றுகிறது. பெட்டியைக் கொண்டுவந்து பழைய இடத்திலேயே வைத்துவிட்டேன். அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

நீ சாயங்காலம் தனியாக எங்கும் போகாதே. நூலகம் போகாதே. விடுதிக் காப்பாளரிடம் ஏதாவது காரணம் சொல்லி வை. இதைப் படித்துப் பயந்துவிடாதே என்று எழுதத்தான் ஆசை. பயப்படு. பயந்தால்தான் பத்திரமாக இருப்பாய்.

எந்த முடிவும் எடுக்கத் தெரியாமல் தவிக்கும்,
அப்பா


என் தங்கத்துக்கு,

அம்மா. நான் உனக்கு இதுவரை கடிதம் எழுதியதில்லை. எழுத்துப்பிழை இருந்தால் சிரித்துக்கொள். கை இன்னும் சரியாக மடங்கவில்லை, அதனால் மெதுவாக எழுதுகிறேன். மெதுவாக எழுதுவதும் நல்லதுதான், யோசிக்க முடிகிறது.

அப்பா உனக்கு எழுதுகிறார் என்று எனக்குத் தெரியும். சட்டைப்பையில் அஞ்சல் உறையை வைத்துக்கொண்டு அதைக் கையால் மூடிமூடி நடந்தால் யாருக்குத்தான் தெரியாது. அவர் என்ன எழுதியிருப்பார் என்பதும் தெரியும். அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அவர் பயப்படுவது அவருக்காக இல்லை.

எனக்குப் பயமில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்கு எவ்வளவு பயம் என்று சொன்னால் நம்பவே மாட்டார். முன்னெல்லாம் என் பயம் சின்னது. எனக்கு, உங்கள் இருவருக்கு என்று மூன்று பேருக்கான பயம். படிக்க ஆரம்பித்த பிறகு ஒரு கெட்ட பழக்கம் வந்துவிட்டது. யாரைப் பார்த்தாலும் அவர்கள் தலைக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறேன். புத்தகத்தில் ஒருத்தி அழுதால் நான் அவளாகிவிடுவேன். புத்தகத்தை மூடினால் வெளியே வந்துவிடலாம். ஒல்லி விஷயத்தில் அப்படி வெளியே வர முடியவில்லை. துவைக்கும்போது, நடக்கும்போது, நான் அந்தக் கதவுக்கு உட்பக்கம் நிற்கிறேன். கண் எரிகிறது. கை தட்டுகிறது. வெளியே யாரோ இருக்கிறார்கள், ஏன் திறக்கவில்லை என்று நினைக்கிறேன். அது ஒல்லியின் நினைப்பு. அதை நான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். படிக்காதவளாகவே இருந்திருந்தால் ஐயோ பாவம் என்று சொல்லி அழுதுவிட்டுத் தூங்கியிருப்பேனோ என்னவோ. சில சமயம் உன் பெட்டியின்மேல் எனக்கே கோபம் வருகிறது.

இன்னொன்றும் சொல்கிறேன். எத்தனையோ கதைகளில் ஒருவன் வருவான். பெரிய வில்லன் இல்லை. எல்லாவற்றையும் பார்த்திருப்பான், கேட்டால் தெரியாது என்பான். அவனுக்கும் பிள்ளைகுட்டி இருக்கும், நியாயம் இருக்கும். நானும் ஒல்லியும் சாப்பாட்டு வேளையில் சேர்ந்து அவனைத் திட்டுவோம். ஒல்லி அவனுக்குச் சாபமே விடுவாள். இப்போது நான்தான் அவன். ஒல்லி திட்டுவதற்கு இல்லை.

மேனேஜர் உன்னைப் பற்றிக் கேட்டதை அப்பா சொன்னதும் எனக்குள் எல்லாம் நின்றுபோயிற்று. திறந்திருந்தது என்று சொல்கிறேன் என்று உடனே சொல்லிவிட்டேன். அதைச் சொன்னபோது பொய் சொல்லப்போகிறோம் என்று தோன்றவில்லை, உன்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடுகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் நீ இடுப்பில் இருக்கிற குழந்தை இல்லையே. உன் உயிரை வைத்து நான் ஒரு முடிவு எடுக்கும்போது உன்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா? பயமுறுத்தினவர்கள் உன்னைக் கேட்கவில்லை. நானாவது கேட்கிறேன்.

நீ வேண்டாம் என்று எழுதினால், திறந்திருந்தது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். சத்தியமாக உன்மேல் ஒரு நாளும் கோபப்பட மாட்டேன். உனக்குப் பயமாக இருந்தால் அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. எனக்கே இருக்கிறது. என்னைச் சந்தோஷப்படுத்துவதற்காக எதுவும் எழுதாதே. ஒரு நாள் முழுக்க யோசி. அறைத்தோழியிடம் பேசு. இருட்டுவதற்கு முன்னால் அறைக்குப் போய்விடு. பிறகு எழுது. நீண்டதாக வேண்டாம், ஒரு வார்த்தை போதும்.

உன் பதில் எதுவாக இருந்தாலும் அதை முத்தமிட்டு எடுத்துவைத்துக்கொள்ளப்போகிற,
அம்மா


அன்பு மகளுக்கு,

அப்பா. முதலில் நல்ல சேதி. நீ விடுதியை விட்டு உன் தோழியின் அத்தை வீட்டுக்கு மாறிவிட்டாய் என்று கேள்விப்பட்டதும் போன உயிர் திரும்பி வந்தது. அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல். புது முகவரியை நான் எங்கும் எழுதி வைக்கவில்லை, நெட்டுருப் போட்டுக்கொண்டேன்.

உன் பதில் அம்மாவுக்கு வந்தது. என்னிடம் காட்டவில்லை. நானும் கேட்கவில்லை. விசாரணை அன்று காலையில் அவள் தலைவாரிக்கொண்டு நின்ற விதத்திலேயே நீ என்ன எழுதியிருப்பாய் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. நான் காரை எடுக்கப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவளோடு நடந்தேன். கல்யாணம் ஆனதிலிருந்து நாங்கள் சேர்ந்து தெருவில் நடந்தால் அவள் இரண்டடி பின்னால்தான் வருவாள். அன்று பக்கத்தில் வந்தாள். குடியிருப்பு முழுக்க ஜன்னல் வழியாகப் பார்த்தது. பைக்குக்காரனும் பார்த்தான்.

விசாரணை நடந்தது கம்பெனியின் சாப்பாட்டுக் கூடத்தில். மேஜைகளை ஒதுக்கிவிட்டு நாற்காலி போட்டிருந்தார்கள். ஒரு பக்கம் அதிகாரி, இன்னொரு பக்கம் மேனேஜரும் கம்பெனி வக்கீலும். பின்வரிசையில் ஒல்லியின் புருஷன். புதுசின் அம்மா அப்பாவும் வந்திருந்தார்கள், அவர்களுக்கு யார் யார் என்றே தெரியவில்லை. அம்மாவுக்கு முன்னால் கேட்கப்பட்டவர்கள் எல்லாரும் திறந்திருந்தது, திறந்திருந்தது என்றே சொன்னார்கள். மனப்பாடச் செய்யுள் மாதிரி.

அம்மாவைக் கூப்பிட்டதும் எழுந்து போனாள். அதிகாரி கேட்டார். அவளுக்குக் குரல் வரவில்லை. வாயைத் திறக்கிறாள், காற்றுதான் வருகிறது. வக்கீல் பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் ஒரு கேடுகெட்ட ஆசை, இப்படியே குரல் வராமல் போய்விட்டால் தேவலை என்று. அவள் தண்ணீர் கேட்டாள். யாரும் அசையவில்லை. நான்தான் எழுந்துபோய்ப் பிடித்துக்கொண்டு வந்து கொடுத்தேன். மேனேஜரைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. டம்ளரில் பாதி என் சட்டையில் சிந்திவிட்டது.

குடித்துவிட்டுச் சொன்னாள். "கதவு வெளிப்பக்கம் பூட்டியிருந்தது சார். நான் இழுத்துப் பாத்தேன்." கையை விரித்துக் காட்டினாள். பதற்றத்தில் நீ தப்பாகப் பார்த்திருக்கலாம் என்று வக்கீல் சொன்னார். கதைப் புத்தகம் நிறையப் படிப்பாயாமே, கற்பனையாக இருக்கலாமே என்றும் கேட்டார். ஒருவர் சிரித்தார். அம்மா, படிப்பேன் என்றும், உள்ளே இருந்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள் என்பதுதான் தன் கற்பனை என்றும், பூட்டு கற்பனை இல்லை என்றும் சொன்னாள். அவள் அதைச் சாமர்த்தியமாகச் சொல்லவில்லை, திக்கித் திக்கித்தான் சொன்னாள். அதிகாரி எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு பெரியக்காவின் முறை. வந்து நின்றாள். அம்மாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பூட்டித்தான் இருந்தது என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொல்லிவிட்டு அங்கேயே அழ ஆரம்பித்தாள். இன்னும் ஒரு பெண்ணும் சொன்னாள். மற்றவர்கள் சொல்லவில்லை. அவர்களைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

வெளியே வந்ததும் ஒல்லியின் புருஷன் ஓடிவந்தார். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் அம்மாவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "கடைசில தட்டினாளா?"

"தட்டினா," என்றாள் அம்மா. "நானும் இந்தப் பக்கமிருந்து தட்டினேன். நான் இருக்கேன்னு அவளுக்குத் தெரியும்."

அந்த மனுஷர் அந்த இடத்திலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அம்மா அவர் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். இவள் திரும்பத் தட்டினாள் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரியும்.

முடிவு என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது. அதிகாரி அறிக்கை அனுப்புவாராம், மேலிடம் பார்க்குமாம், கோர்ட்டுக்குப் போகுமாம். கார் சாவியை மறுநாளே வாங்கிக்கொண்டார்கள். அம்மாவும் வேலைக்கு வர வேண்டாம் என்றார்கள். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பெரியக்காவின் தம்பி வீட்டு மாடியில் ஓர் அறை இருக்கிறது, அங்கே வந்துவிட்டோம். சாமான் ஏற்றும்போது அந்தப் பெட்டியை நான்தான் தூக்கினேன். புத்தகம் இவ்வளவு கனக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. எனக்கு வாடகை வண்டி ஓட்டும் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. பைக்குக்காரன் இந்தத் தெருவுக்கு இன்னும் வரவில்லை. வர மாட்டான் என்று சொல்லத் தைரியம் இல்லை. கீழே யாராவது கதவைத் தட்டினால் நான் முதலில் ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டுத்தான் இறங்குகிறேன். அம்மா பரவாயில்லை. சாப்பிடுகிறாள். நேற்று எதையோ அடுப்பில் கருக விட்டாள். நான் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டேன்.

இந்த விடுமுறைக்கு நீ வர வேண்டாம். பார்க்க வேண்டும் என்று இருவருக்கும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது, ஆனாலும் வராதே. நாங்கள் சொல்லும்போது வா. நூலகம் போகாதே என்று நான் எழுதியதை மறந்துவிடு. போ. கூட ஆளோடு போ, வெளிச்சம் இருக்கும்போதே திரும்பு.

ஒன்றே ஒன்று கேட்கிறேன், அப்பாவுக்காகச் செய். இனி எந்தக் கட்டடத்துக்குள் போனாலும், வகுப்பானாலும் கடையானாலும் நூலகமே ஆனாலும், உட்காருவதற்கு முன் பின்வாசல் எங்கே என்று பார். பார்த்தால் போதாது. நடந்துபோய், கையால் ஒரு முறை தள்ளிப் பார். பார்க்கிறவர்கள் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். திறந்தால் வந்து உட்கார்ந்து உன் புத்தகத்தை எடு. திறக்காவிட்டால் யாரிடமாவது போய்ச் சொல். சொல்வதற்கு உனக்குப் பயமாகத்தான் இருக்கும். உன் அம்மாவுக்கும் இருந்தது, நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

பயமில்லாமல் இரு என்று வாழ்த்தத்தான் எல்லா அப்பாக்களும் ஆசைப்படுவார்கள். எனக்கு அப்படி வாழ்த்த வரவில்லை. கொஞ்சம் பயத்தோடு இரு, கண்ணு. நிறைய நாள் இரு.

உன்,
அப்பா